ரேணுகா சுற்றிய கம்பித் திரி

ரேணுகா அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பி வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கம்பி வலை என்றதும் கோழிக்கூண்டுக்கு அடிப்பதைத்தான் நான் நினைத்தேன். அயனம்பாக்கத்தில் இந்த அபார்ட்மென்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், எதிர் வீட்டுக்காரர் என்ற முறையில் பேச்சுக் கொடுத்தபோது அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். வெள்ளிச் சாம்பல் நிறம். பட்டுத் துணி போல வழுக்கிக்கொண்டு மடிந்தது.

"இதுவும் ஸ்டீல்தான்மா. நானூறு மெஷ். ஒரு அங்குலத்துல நானூறு கம்பி ஓடும். மருந்து கம்பெனி, பெயின்ட் கம்பெனிக்கெல்லாம் வடிகட்ட இதான் போகுது" என்றார்.

அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடிப் பலகை மேல் அந்த வலையை விரித்து, எங்காவது கம்பி அறுந்திருக்கிறதா, இழை விலகியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பார்த்த பிறகு வட்டமாக வெட்டி அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கம்பெனி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அதனால் அக்காவின் பேச்சில் சென்னை பாதி, தெற்கு பாதி.

அவர் கணவர் பூபாலன் அண்ணன் கொரட்டூர்க்காரர். அவர் பேச்சில் பாதி மீதியெல்லாம் கிடையாது, முழுசும் சென்னைதான். அந்தக் காலத்தில் அக்காவின் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். ரேணுகா அக்கா ஆவடியில் ஏறுவார். ஏறும்போது வேனுக்குள் சிகரெட் நாற்றம் இருக்கக் கூடாது என்பதற்காக, அண்ணன் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே அணைத்துவிட்டு ஜன்னலை எல்லாம் திறந்து வைப்பாராம். அக்காவுக்கு அது தெரியாமல் இருக்குமா? "அணைச்ச மனுசன் திரும்பப் பத்தவைக்க மாட்டார்னு நம்பித்தான் கட்டிக்கிட்டேன்" என்பார்.

பத்தவைத்தார். கல்யாணம் ஆகி, நிவேதிதா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பத்தவைத்துக்கொண்டேதான் இருந்தார். வேன் வேலையை விட்டு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டப் போனதும் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. காலையில் மாணவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பஸ் சும்மா நிற்கும். டிரைவர்களும் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்கிறவன் கை சும்மா இருக்காது. நிறுத்துவதற்கு அண்ணன் செய்யாதது இல்லை. கிராம்பு மென்றார், கமர்கட் சப்பினார், சபரிமலைக்கு மாலை போட்டார். மாலையைக் கழற்றிய அன்றே பெட்டிக்கடைக்குப் போய்விட்டார். இரவு படுத்தால் இருமல். காலையில் எழுந்தாலும் அதே இருமல்.

இப்படி இருக்கும்போதுதான் முகமது ஆசிக் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தார். அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர். அவரும் ஒரு காலத்தில் விடாமல் ஊதியவர். வந்த அன்று வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"மாமே, இத்த வச்சுக்க. நான் சிகரெட்டத் தொட்டு வருசத்துக்கு மேல ஆச்சு."

"இன்னாடா இது, டார்ச் லைட்டு மாதிரி கீது?"

"வேப்பு. பட்டன அமுக்கிகினு இழு. பொகை இல்ல, ஆவி. நிக்கோட்டின் கீது, ஆனா கரி, தார் எல்லாம் இல்ல."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "உடம்புக்கு நல்லதா அண்ணே?"

"நல்லதுன்னு யாரும்மா சொன்னா? நல்லதுன்னா எல்லாத்தையும் வுடறதுதான். இவன் சிகரெட்ட வுடமாட்டான்ல, அதுக்குச் சொல்றேன்."

அதன் அமைப்பை எனக்கு அக்காதான் விளக்கினார். அடியில் பேட்டரி. அதன் மேல் கட்டை விரல் அளவுக்கு ஒரு சின்னத் தொட்டி, அதில் இனிப்பு வாசனை போட்ட திரவம். தொட்டியிலிருந்து ஒரு துளை வழியாக மேலே வந்து நிற்கும் திரி. அந்தத் திரியைச் சுற்றி மெல்லிய கம்பி. பட்டனை அமுக்கினால் கம்பி சூடாகும், திரியில் ஏறி நிற்கும் திரவம் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரி செய்கிற வேலைதான். ஆனால் ஆசிக் கொடுத்த கருவியில் திரி பஞ்சால் ஆனதல்ல. ஸ்டீல் வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதைக் கழற்றலாம், புதிதாகச் சுருட்டிப் போடலாம். பஞ்சைப் போலக் கருகிப்போகாது, தீயில் காட்டிச் சுத்தம் செய்து கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று ஆசிக் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் சிகரெட்டை விட்டார். முதல் வாரம் பெட்டிக்கடைப் பக்கம் போகவே இல்லை. இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது. அக்கா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது திரி கருத்து அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்து செய்து, கடைசியில் ஓரமெல்லாம் பிரிந்து முள் முள்ளாக நின்றது. ஆசிக் விட்டுப் போன வலைத் துண்டும் தீர்ந்துவிட்டது.

அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா டீ போட வடிகட்டியை எடுத்தால், அதில் வலையே இல்லை. வளையமும் கைப்பிடியும் மட்டும் இருந்தன.

"என் வடிகட்டிய யாரு அறுத்தது?"

அண்ணன் பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சும்மா, ஒரு டெஸ்டிங்குக்கு..."

"டெஸ்டிங்குக்கு என் வடிகட்டிதான் கிடைச்சுதா?"

டீ வடிகட்டியின் கண் பெரிது. திரவம் அதில் ஏறாது. அண்ணன் சுருட்டி வைத்துப் பட்டனை அமுக்கியதும் காய்ந்த கம்பியின் சூடுதான் தொண்டைக்குப் போயிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையிலிருந்து பழைய திரியை வாங்கி, நகத்தால் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நானூறு. எங்ககிட்ட ஓடுறதுதான்" என்றார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டார். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அந்த வேலைக்கே ஆகிவிட்டன. நிவேதிதா டியூஷனுக்குப் போன பிறகு ஹாலில் பழைய பேப்பரை விரித்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். முதல் திரி படுதோல்வி. நெய்யும்போது போடுகிற எண்ணெய் வலையில் ஒட்டியிருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். கம்பெனியில் கழுவித்தான் அனுப்புவார்கள். வீட்டில் அவசரத்தில் மறந்துவிட்டார். அண்ணன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "மெக்கானிக் ஷெட்ட நக்கின மாதிரி கீது ரேணு" என்றார். அடுத்த முறை சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள்.

இரண்டாவது தடவை வேறு சிக்கல். பட்டனை அமுக்கியதும் சுற்றியிருந்த கம்பியில் மேல் சுற்று மட்டும் கண் கூசும்படி சிவந்தது. மற்ற சுற்றுகள் அப்படியே கிடந்தன. திரியும் ஸ்டீல், சுற்றியதும் கம்பி. இரண்டும் பட்டால் மின்சாரம் கம்பியோடு சுற்றிப் போகாமல் திரியிலேயே குறுக்கு வழி பிடித்துவிடும். அண்ணன் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி அதைக் கண்டுபிடித்தார். வலையை முதலில் தீயில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அப்போது அதன் மேல் ஒரு கரும்படலம் படியும், அது மின்சாரத்தைத் தடுக்கும்.

அக்கா இடுக்கியால் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினார். வெள்ளியாக இருந்தது பொன்னிறமாகி, நீலமாகி, பிறகு மழை மேகம் மாதிரி ஆனது. ஆறவைத்து மறுபடி காட்டினார். இழை கோணாமல் நேராக வெட்டி, தையல் ஊசியின் மேல் வைத்துச் சுருட்டினார். இறுக்கினால் திரவம் ஏறாது. தளர்த்தினால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். அண்ணன் கம்பியைச் சுற்றினார். பட்டனை அமுக்குவார், விடுவார். விட்ட பிறகு அக்கா பல்குத்தும் குச்சியால் சுற்றுகளை லேசாகத் தள்ளிவிடுவார். மறுபடி அமுக்குவார். கடைசியில் நடுச் சுற்றிலிருந்து மேலும் கீழுமாக ஒரே சீராகக் கம்பி சிவந்தது.

"வந்துச்சு பாரு! வந்துச்சு பாரு!" என்று அண்ணன் கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. லாட்டரி விழுந்துவிட்டதோ என்று நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டோம்.

அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்: "கல்யாணமாகி இத்தனை வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வேலை செஞ்சதே கெடையாதுமா. அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு. தலையும் தலையும் முட்டிக்கிற மாதிரி குனிஞ்சு உக்காந்தது அப்பதான்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் டூர் போக வேண்டி வந்தது. மலைப்பாதை வண்டி. நடுவில் திரி கெட்டுப்போனால் வழியில் பெட்டிக்கடைகள் கைநீட்டி அழைக்கும். அண்ணனுக்கு அந்தப் பயம். "ரெண்டு திரி ரெடியா வச்சுடு ரேணு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை சர்வீஸுக்கு விடப் போய்விட்டார்.

அக்கா சுருட்டினார். கம்பியும் இந்தத் தடவை அவரே சுற்றினார். சீராகத்தான் சிவந்தது. ஆனால் சிவந்தால் மட்டும் போதுமா, திரவம் ஏறுகிறதா? இழுத்துப் பார்த்தால்தானே தெரியும். வழக்கமாக இழுத்துப் பார்க்கிறவர் வீட்டில் இல்லை. கம்பெனியில் பார்க்காமல் ஒரு வட்டம்கூட வெளியே அனுப்பாதவர் அக்கா. வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மாம்பழ வாசனை. இருமினார். கண் கலங்கியது, தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரி சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது திரியையும் இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை அவ்வளவு இருமல் வரவில்லை.

அண்ணன் டூர் முடிந்து வந்ததும், "சூப்பரா இருந்துச்சு ரேணு, மலையெல்லாம் மாம்பழந்தான்" என்றார். அதிலிருந்து திரி சுற்றுவது முழுக்க அக்காவின் பொறுப்பு. சோதித்துப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு திரிக்கும் ஒரு இழுப்பு. பிறகு, சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு இழுப்பு. பிறகு, நன்றாக இருக்கிற திரியையே, கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்கத் தொடங்கினார். ஆசிக் அனுப்பிய இன்னொரு கருவி அலமாரியில் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு திரி சுருட்டினார்.

வேலை முடிந்து வந்து துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவார். துணிக் கிளிப் போடுகிற பிளாஸ்டிக் கூடையின் அடியில் அது இருக்கும். கொடியில் பெட்ஷீட்டைப் போட்டுவிட்டு, அதன் மறைவில், தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்துகொள்வார். தூரத்தில் ஏரி தெரியும். "அந்தப் பத்து நிமிசம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. துணி காயப்போட்டா கூப்பிட மாட்டாங்கல்ல" என்றார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நிவேதிதாதான் முதலில் மோப்பம் பிடித்தாள். அப்போது அவள் ஒன்பதாவது. "அம்மா, என் யூனிபார்ம்ல மாம்பழ கேக் வாசனை அடிக்குது" என்றாள். புது சோப்பு என்று அக்கா சொன்னார். அண்ணனும் ஒருநாள் காக்கிச் சட்டையை முகர்ந்து பார்த்து, "இன்னாடா இது, பிஸ்கட் கம்பெனில வேலை செய்றவன் மாதிரி கீறேன்" என்றார். தன்னுடைய வாசனைதான் என்று நினைத்துவிட்டார்.

அந்த வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிறு காலை. மோட்டார் போட்டு வெகு நேரம் ஆகியும் தொட்டி நிரம்பிய சத்தம் கேட்கவில்லை என்று அண்ணன் மாடிக்குப் போனார். கொடியில் பெரிய பெட்ஷீட். அதற்குப் பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் எழும்பியது. மோட்டார் ஒயர் தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து, மாடிப்படிப் பக்கம் திரும்பி, "ரேணு! ஏ ரேணு! பொகை வருது, மெயின ஆஃப் பண்ணு!" என்று கத்தினார்.

பெட்ஷீட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அண்ணன் போய்த் துணியை விலக்கினார். அக்கா தொட்டி மேடையில் உட்கார்ந்திருந்தார், கையில் கருவியோடு.

"நீயா?"

"திரி சரியா இருக்கான்னு பாத்தேன்."

"எந்தத் திரி? என்னுது என் பாக்கெட்ல கீதே."

அக்காவுக்கு அவமானத்தில் கோபம்தான் வந்தது. "ஆமா, நான்தான். இப்ப என்னங்கிறீங்க?" என்றார்.

அண்ணன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் மேல் உட்கார்ந்தார். கீழே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. "எப்பலேந்து?" என்று கேட்டார்.

"கொடைக்கானல் போனீங்களே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து, அக்கா மனதுக்குள் பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தார். சிகரெட், மாலை, கமர்கட், அத்தனை வருட வண்டவாளத்தையும் எடுத்துப்போட்டுச் சண்டை பிடிக்கலாம். அவர் திட்டாததால் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"திட்டுங்களேன்."

"இன்னான்னு திட்றது? திட்டுனா என் வாய்லேந்தும் அதே மாம்பழந்தான வரும்" என்றார் அண்ணன். பிறகு, "என்னாலதான் நீ இப்படி ஆன. நான் ஒயுங்கா இருந்திருந்தா இத்தப் பாத்திருக்கவே மாட்ட" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களால ஒண்ணும் இல்ல. எனக்குப் புடிச்சிருந்துச்சு, இழுத்தேன். நீங்க பெரிய மனுசன் மாதிரி எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க."

அன்று மாடியிலேயே, அக்கா உடனே, அண்ணன் மெல்ல மெல்ல, இரண்டு பேருமே விடுவதென்று முடிவு செய்தார்கள். முடிவு செய்வது சுலபம். அதில் ஒரு முடிச்சு இருந்தது. அக்கா விட வேண்டுமென்றால் திரி சுற்றுவதை நிறுத்த வேண்டும். கையில் வலை பட்டால், சோதித்துப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. அக்கா சுற்றாவிட்டால் அண்ணனுக்குத் திரி கிடையாது. திரி இல்லாவிட்டால் அண்ணன் பெட்டிக்கடைக்குத்தான் போவார். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"நானே சுத்திக்கிறேன்" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு வராதுங்க."

"வராட்டி போவுது. நீ அத்தத் தொடாத."

வலைத் துண்டுகள், இடுக்கி, ஊசி எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு பஸ்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். மத்தியானத்தில் மற்ற டிரைவர்கள் தூங்கும்போது, இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திரி சுற்றுவார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்களுக்குள் அந்தப் பட்டு வலை நிற்காது. ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் பிரியும். இழுத்தால் ஒருமுறை கருகல், ஒருமுறை வெறும் சூடு, ஒருமுறை திரவம் வாய்க்குள்ளேயே வந்துவிடும். ஆனாலும் வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லாத்தான் வருது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது ரசம் பட்டு அவர் கை சுருக்கென்று பின்னுக்குப் போனதைப் பார்த்த அக்கா, விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நுனியெல்லாம் கம்பி குத்திய புள்ளிகள்.

"ஒண்ணே ஒண்ணு சுத்தித் தரேங்க. வாயில வைக்க மாட்டேன்."

"தோ பார், கைய எடு. சோத்தப் போடு."

அக்காவுக்கும் அது கஷ்டமான காலம்தான். வேலையில் வட்டங்கள் கோணலாக வெட்டுப்பட்டன. எதற்கென்றே தெரியாமல் நிவேதிதாவின் மேல் எரிந்து விழுந்தார். என்னிடமும் ஒருநாள், செருப்பை வாசலில் குறுக்கே விட்டதற்காகச் சண்டைக்கு வந்தார். மறுநாள் காலை ஒரு கிண்ணம் சேமியா பாயசத்தோடு வந்து நின்றார். காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குத் தெரியும். எந்த வேளையில் கை பரபரக்கும், எப்போது தொண்டை கேட்கும், எவ்வளவு நேரத்தில் அது அடங்கும் என்பதெல்லாம், விடப் பார்த்துத் தோற்றுப்போன வருடங்களில் அவருக்கு அத்துப்படி. கம்பெனியில் டீ இடைவேளை வரும்போது அக்காவின் போன் அடிக்கும்.

"இன்னா பண்ற?"

"டீ குடிக்கிறேன்."

"இங்க ஒரு கூத்து கேளு. நம்ம பஸ் அடியில ஒரு நாய் குட்டி போட்டுகீது. டிரைவர் கோபி பஸ்ஸ எடுக்கணுமாம், நாய் எந்திரிக்கல. பிரின்சிபாலே வந்து கெஞ்சினு கீறாரு."

நாய்க்குட்டி, கான்டீன் சாம்பார், இரண்டு மாணவர்கள் ஒரே பெண்ணுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்ட கதை, எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். டீயும் ஆறிப்போகும், பரபரப்பும் அடங்கிவிடும். "போதும், வேலைக்குப் போறேன்" என்று அக்கா சொன்ன பிறகுதான் வைப்பார். சாயங்காலம் துணி காயப்போடும் வேளையில் அண்ணனுக்கு ட்ரிப் இருக்கும், பேச முடியாது. அந்த நேரத்துக்குத் துணி வேலையை நிவேதிதாவிடம் கொடுத்துவிட்டு, அக்கா ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனார். கூட நடக்க என்னைக் கூப்பிட்டார். அப்படி நடந்த நாட்களில்தான் இந்தக் கதையை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

சித்திரை முடிவதற்குள் அக்கா விட்டுவிட்டார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பழைய திரியை எடுத்து வெறுமனே முகர்ந்து பார்த்தாராம். அன்றே அண்ணனிடம் சொல்லிவிட்டார். "மோந்து பாத்ததெல்லாம் கணக்குல வராது" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

அண்ணன் விட்டது வேடிக்கையாக நடந்தது. அவர் சுற்றிய திரிகளில் இழுத்து இழுத்து, இழுப்பதே ஒரு தண்டனை என்று ஆகிவிட்டது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று குறைந்தது. பிறகு, பட்டனை அமுக்கும்போதே கருகல் வாய்க்கு வந்துவிடும், பையில் போட்டுக்கொள்வார். நிக்கோட்டின் குறைந்த திரவத்துக்கு மாறினார், பிறகு அதையும் மறந்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார். அந்த வருடம் மழைக்காலம் வருவதற்கு முன்னால் நாடு முழுக்க இ-சிகரெட் விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. டிவியில் செய்தி ஓடும்போது அண்ணன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, உங்க சாமானத் தடை பண்ணிட்டாங்க" என்று அக்கா சொன்னார். "எந்தச் சாமான்?" என்று கேட்டார். யோசித்துத்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

சிகரெட் மட்டும் ஒருமுறை திரும்பி வந்தது. பூபாலன் அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர் இறந்தபோது, சுடுகாட்டு வாசலில் யாரோ நீட்டினார்கள், வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று ஒன்றும் கேட்கவில்லை. குளிக்க வெந்நீர் எடுத்து வைத்தார். அதோடு அதுவும் நின்றுவிட்டது.

நிவேதிதா இப்போது வேலைக்குப் போகிறாள். அம்மாவின் கதை அவளுக்குத் தெரிந்தது போன வருடம்தான். ஏதோ பேச்சில் அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மாவா? நம்ம அம்மாவா?" அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அப்ப என் யூனிபார்ம்ல அடிச்ச கேக் வாசனை?"

அக்கா முகம் சிவந்து, கையிலிருந்த துடைப்பத்தை அண்ணன் பக்கம் எறிந்தார். "ஆமாடி. உன் அம்மாதான். எது செஞ்சாலும் ஒயுங்கா செய்வா. விடும்போதும் ஒயுங்கா விட்டா."

"பேச்சே மாறிப்போச்சு பாத்தியா? ஒயுங்காவாம்" என்றார் அண்ணன்.

இந்தத் தை மாதம் இரண்டு பேரும் ரயிலேறித் திருத்தணிக்குப் போய்வந்தார்கள். மலைப்படியை அண்ணன் நிற்காமல் ஏறிவிட்டாராம். பாதியில் உட்கார்ந்தது அக்காதான். மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலி. அண்ணன் மேலே போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி கீழே இறங்கிவந்து, அக்காவின் கையைத் தன் தோளில் போட்டு ஏற்றிக்கொண்டு போனார். இறங்கும்போது வழியில் வாங்கிய கொய்யாப் பழத்தில் எங்களுக்கும் ஒரு பை வந்தது. நன்றாக இனித்தது.